கட்சியா? மனசாட்சியா?

"எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான்" என்ற பேச்சு, தேர்தல் வரும்போதெல்லாம் நம் வீடுகளில் காதில் விழுகிறது. பெரியவர்கள் அலுப்பில் சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் பிள்ளைகளோ அதை அப்படியே மனத்தில் வாங்கிக்கொள்கிறார்கள். இதற்கு நேர்மாறான பேச்சும் சில வீடுகளில் உண்டு: "நம்ம கட்சி எது செய்தாலும் அதில் ஒரு காரணம் இருக்கும்." இரண்டு பேச்சுக்கும் உள்ள ஒற்றுமை என்னவென்றால், தனி மனிதரை எடைபோட்டுப் பார்க்கும் சிரமத்தை இரண்டுமே நமக்கு மிச்சப்படுத்தி விடுகின்றன.

நம் சங்கம் கட்சி சார்பற்றது. இந்தப் பாடமும் அப்படித்தான். கட்சியின் கட்டளையும் சொந்த மனசாட்சியும் மோதிய வேளையில் நம் நாட்டுத் தலைவர்கள் சிலர் என்ன செய்தார்கள் என்று பார்க்கப் போகிறோம். பார்த்த பிறகு, உண்மையான மனசாட்சி எது, மனசாட்சி என்ற பெயரில் நடந்த பேரம் எது என்று பிரித்தறிய ஓர் உரைகல் கிடைக்கிறதா என்று தேடுவோம். உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் பெற்றோருடன் சேர்ந்து படிக்கும்படி பகுதி பகுதியாகப் பிரித்திருக்கிறேன்.

1. கட்டுப்பாடும் வேண்டும், சிவப்புக் கொடியும் வேண்டும்

கட்சிக்கு விசுவாசமாக இருப்பதே தவறு என்று யாரும் எண்ண வேண்டாம். நாம் ஓட்டுப் போடும்போது வேட்பாளரை மட்டும் பார்ப்பதில்லை, சின்னத்தையும் பார்க்கிறோம். அந்தச் சின்னத்தின் பேரில் தரப்பட்ட வாக்குறுதிகளை நம்பித்தான் பலர் வாக்களிக்கிறார்கள். ஜெயித்தவர்கள் ஆளுக்கொரு திசையில் போனால் எந்த அரசும் ஒரு பட்ஜெட்டைக்கூட நிறைவேற்ற முடியாது. அதனால்தான் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு கொறடா இருக்கிறார். இன்ன தீர்மானத்தில் இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று அவர் கட்சி உறுப்பினர்களுக்கு உத்தரவு அனுப்புவார்.

நான் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். எங்கள் துறையில் கட்டளைக்குக் கீழ்ப்படிவது உயிர் காக்கும் விஷயம். சிக்னல் சிவப்பென்றால் வண்டி நிற்க வேண்டும். அதில் டிரைவரின் சொந்த அபிப்பிராயத்துக்கு இடமில்லை. ஆனால் அதே துறையில் இன்னொரு வழக்கமும் இருக்கிறது. தினமும் தண்டவாளத்தின் மேலேயே நடந்து, சாவிகளும் போல்ட்டுகளும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு போகும் கீமேன் என்ற ஊழியரை ரயிலில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். சம்பளப் பட்டியலில் கீழ் வரிசையில் இருப்பவர் அவர். தண்டவாளத்தில் விரிசலைக் கண்டுவிட்டால், வருவது எந்த எக்ஸ்பிரஸாக இருந்தாலும் சிவப்புக் கொடி காட்டி நிறுத்த வேண்டியது அவர் கடமை. மேலதிகாரியின் அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. நிறுத்திய பிறகு அங்கேயே நின்று, இன்ன இடத்தில் இன்ன பழுது என்று காட்ட வேண்டும்.

அரசியலிலும் இந்த இரண்டும் தேவை. 1774ல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகர வாக்காளர்களிடம் எட்மண்ட் பர்க் இதைத்தான் எடுத்துரைத்தார். உறுப்பினர் தம் உழைப்பை மட்டும் தந்தால் போதாது, தம் சொந்த அறிவையும் மக்களுக்காகப் பயன்படுத்த வேண்டும்; அதை மற்றவர் விருப்பத்துக்காக விட்டுக்கொடுத்தால் அது மக்களுக்குச் செய்யும் துரோகம் என்பது அவர் வாதம். 1780ல் அந்தத் தொகுதியையே அவர் இழக்க நேர்ந்தது. கொடி காட்டுகிறவருக்கு நன்றி கிடைக்கும் என்பது நிச்சயமில்லை என்பதையும் இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ளலாம்.

2. ராஜாஜி, 1942

பெங்களூர்த் தமிழர்களுக்கு ராஜாஜி தூரத்து மனிதர் அல்லர். ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் 1878ல் பிறந்தவர். மைசூர் பேங்க் சர்க்கிள் பக்கம் போகும்போது நாம் பார்க்கும் சென்ட்ரல் காலேஜில் படித்தவர். சேலத்தில் வக்கீல் தொழில் செய்து, காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அதை விட்டவர். 1930ல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தை நடத்திச் சிறை சென்றவர். 1937 முதல் 1939 வரை சென்னை மாகாணப் பிரதமர். காந்தியடிகளின் மகன் தேவதாஸ் அவருடைய மருமகன். காங்கிரஸுக்கு அவரைவிட நெருக்கமானவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

1942ன் தொடக்கத்தில் நிலைமை மிக மோசம். சிங்கப்பூரும் ரங்கூனும் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டன. ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னையை விட்டுக் குடும்பம் குடும்பமாக மக்கள் வெளியூர்களுக்குப் போனார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த கிரிப்ஸ் தூதுக்குழுவின் பேச்சுவார்த்தையும் தோல்வியில் முடிந்தது. இந்த நேரத்தில் இந்தியர்களின் பொறுப்பில் ஒரு தேசிய அரசாங்கம் உடனே அமைய வேண்டும், அதற்கு முஸ்லிம் லீக்கின் ஒத்துழைப்பு வேண்டும், அந்த ஒத்துழைப்பைப் பெறுவதற்காக லீக்கின் பிரிவினைக் கோரிக்கையை ஒப்புக்கொள்ளக்கூடத் தயாராக இருக்க வேண்டும் என்று ராஜாஜி கருதினார். ஏப்ரல் 23ஆம் தேதி சென்னைச் சட்டமன்றக் காங்கிரஸ் உறுப்பினர்கள் அவர் தலைமையில் கூடி அப்படியே தீர்மானம் போட்டார்கள்.

நாட்டில் பெரிய கொந்தளிப்பு எழுந்தது. பிரிவினை என்ற சொல்லையே காங்கிரஸார் காதால் கேட்க விரும்பாத காலம் அது. ராஜாஜி காரியக் கமிட்டியிலிருந்து விலகினார். அலகாபாத்தில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டியில், மே 2ஆம் தேதி, தம் தீர்மானத்தைத் தாமே கொண்டுவந்து வாதாடினார். ஆதரவு 15, எதிர்ப்பு 120.

இந்தத் தோல்விக்குப் பிறகு அவர் நடந்துகொண்ட விதத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். தோற்ற பிறகும் தம் கருத்தை ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். கூட்டங்களில் கூச்சலும் எதிர்ப்பும் இருந்தன. கட்சிக்குள் இருந்துகொண்டே கட்சியின் முடிவுக்கு எதிராகப் பிரசாரம் செய்வது முறையா என்ற கேள்வி எழுந்தது. விலகிக்கொண்டு அதன் பின் முழு வேகத்தோடு பிரசாரம் செய்யுங்கள் என்று காந்தியடிகளே ஆலோசனை கூறினார். ஜூலை மாதம் ராஜாஜி காங்கிரஸின் சாதாரண உறுப்பினர் பதவியையும் விட்டார். அத்துடன், காங்கிரஸ் சார்பில் பெற்ற சட்டமன்ற இடத்தையும் ராஜினாமா செய்தார். கட்சி கொடுத்ததைக் கட்சியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியேறினார்.

ஆகஸ்டு 8ஆம் தேதி 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. தலைவர்களும் தொண்டர்களும் சிறைக்குப் போனார்கள். அந்தப் போராட்டம் அந்த நேரத்தில் தவறு என்று கருதிய ராஜாஜி அதில் சேரவில்லை. நாடே சிறைக்குப் போகும்போது வெளியே இருப்பது எப்படிப்பட்ட அவப்பெயர் என்று யோசித்துப் பாருங்கள். அவர் வேறு கட்சியில் சேர்ந்து பதவி பெறவும் இல்லை.

பிறகு, 1944ல் அவர் வகுத்த 'ராஜாஜி திட்டத்தை' அடிப்படையாக வைத்துத்தான் காந்தியடிகள் ஜின்னாவுடன் பம்பாயில் பேச்சு நடத்தினார். பேச்சு பலிக்கவில்லை. 1945ல் ராஜாஜி மீண்டும் காங்கிரஸுக்குள் வந்தார். தமிழ்நாட்டுக் காங்கிரஸில் பலர் 1942ஐ மறக்கவில்லை. அந்தக் கசப்பு நெடுநாள் நீடித்தது. ஆனாலும் 1948 ஜூனில் சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக அவர்தான் பதவியேற்றார்.

இன்னொரு உண்மையையும் சொல்லாமல் விட்டால் பாடம் அரைகுறையாகிவிடும். தனக்குச் சரி என்று பட்டதில் உறுதியாக நிற்பது ஒன்று. அப்படிப் பட்டது சரியாகவே இருப்பது வேறொன்று. 1953ல் முதலமைச்சராக இருந்தபோது, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகும்படி அவர் ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று அதை எதிர்த்தவர்களில் அவர் கட்சிக்காரர்களும் இருந்தார்கள். 1954ல் அவர் பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார். அப்போது எதிர்த்த காங்கிரஸ்காரர்களும் தங்கள் முதலமைச்சருக்குச் சிவப்புக் கொடி காட்டியவர்கள்தாம். ஆகவே நேர்மையை ஒருவருடைய கருத்தை வைத்து அளக்கக் கூடாது. அந்தக் கருத்துக்காக அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதை வைத்தே அளக்க வேண்டும்.

3. லால்பாக் கண்ணாடி மாளிகை, 1969

அடுத்த நிகழ்ச்சி நம் ஊரிலேயே தொடங்கியது. மலர்க் கண்காட்சிக்கு நாம் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகும் லால்பாக் கண்ணாடி மாளிகையில்தான் 1969 ஜூலையில் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி கூடியது. கட்சித் தலைவர் கர்நாடகத்தைச் சேர்ந்த நிஜலிங்கப்பா. பிரதமர் இந்திரா காந்தி. அந்த ஆண்டு மே மாதம் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் காலமானதால் புதிய வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. கட்சியின் பாராளுமன்றக் குழு, பிரதமரின் விருப்பத்துக்கு மாறாக, பெரும்பான்மை முடிவில் நீலம் சஞ்சீவ ரெட்டியை நிறுத்தியது. தற்காலிகக் குடியரசுத் தலைவராக இருந்த வி.வி.கிரி அப்பதவியை விட்டுச் சுயேச்சையாகப் போட்டியிட்டார்.

இந்த இரண்டு வேட்பாளர்களுமே நம் பாடத்துக்கு உதவுகிறவர்கள். கிரி ரயில்வே தொழிலாளர் இயக்கத்தில் வளர்ந்தவர். அகில இந்திய ரயில்வேமென் பெடரேஷனின் தலைவராக இருந்தவர். நேரு அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சராக இருந்தபோது, வங்கி ஊழியர்களுக்குத் தீர்ப்பாயம் அளித்த தீர்ப்பை அரசு மாற்றியது. தொழிலாளருக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்துகொண்டு அதை ஏற்க முடியாது என்று 1954ல் ராஜினாமா செய்தார். சஞ்சீவ ரெட்டியோ 1967ல் மக்களவைச் சபாநாயகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும், சபாநாயகர் எல்லோருக்கும் பொதுவானவர் என்று சொல்லித் தம் கட்சி உறுப்பினர் பதவியையே விட்டவர்.

தேர்தல் நெருங்கியபோது, ரெட்டிக்கு ஆதரவு தேடிக் கட்சித் தலைமை எதிர்க்கட்சிகளுடன் பேசியதைக் காரணம் காட்டி, காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் 'மனசாட்சிப்படி' வாக்களிக்கலாம் என்ற முழக்கத்தை இந்திரா காந்தி தரப்பு எழுப்பியது. ஆகஸ்டு 20ஆம் தேதி முடிவு வந்தது. இரண்டாவது விருப்ப வாக்குகளையும் எண்ணிய பிறகு கிரிக்கு 4,20,077, ரெட்டிக்கு 4,05,427. நவம்பரில் இந்திரா காந்தி கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது.

'மனசாட்சி வாக்கு' என்ற சொல் இந்திய அரசியலில் பிரபலமானது அப்போதுதான். அன்று கிரிக்கு வாக்களித்த காங்கிரஸ்காரர்களில் உண்மையாகவே மனசாட்சியைக் கேட்டவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள். ஜெயிக்கப் போகிற பக்கம் எது என்று கணக்குப் போட்டவர்களும் இருந்திருப்பார்கள். இரு சாராரையும் பிரித்தறிய வழியில்லை. குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்கு இரகசியமானது. கொறடா உத்தரவும் கிடையாது. பெட்டியில் போட்ட சீட்டுக்காக யாரும் எதையும் இழக்க வேண்டியதில்லை. 1954ல் கிரி அமைச்சர் பதவியை இழந்ததையும் 1969ல் அவருக்கு விழுந்த இரகசிய வாக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விலை கொடுத்த மனசாட்சியை நாம் நம்பலாம். விலை கொடுக்காத மனசாட்சி பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குச் சாட்சி இல்லை.

4. வெளியேறாமலே கேட்டவர்

மனசாட்சிப்படி நடக்க வேண்டுமானால் கட்சியை விட்டே போக வேண்டும் என்பதில்லை. 1957 டிசம்பரில் மக்களவையில் எழுந்து, ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிப் பங்குகளை ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியது ஏன் என்று கேட்டவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். காங்கிரஸ் உறுப்பினரும் பிரதமர் நேருவின் மருமகனுமான பெரோஸ் காந்திதான் கேட்டார். காப்பீட்டுக் கழகத்தில் இருப்பது ஏழை எளியவர்கள் மாதாமாதம் கட்டிய பிரீமியப் பணம் என்பது அவர் வாதத்தின் அடிப்படை. நீதிபதி சாக்ளா தலைமையில் பகிரங்க விசாரணை நடந்தது. நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார்.

டி.டி.கே. திறமைசாலியான தமிழர், பின்னாளில் மீண்டும் நிதியமைச்சரானவர். அவர் நம்மவர் என்பதற்காகக் கேள்வி தவறாகிவிடாது. பெரோஸ் காந்தி கட்சியை விட்டுப் போகவில்லை. வேறு பதவி தேடவும் இல்லை. கட்சி பெரியது, ஆனால் பாலிசிதாரரின் பணம் அதைவிடப் பெரியது என்று நினைத்தார்.

5. சபாநாயகர் நாற்காலி, 2008

இப்போது சற்றுச் சிக்கலான வழக்கு ஒன்று. சோம்நாத் சாட்டர்ஜி 1968 முதல் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர், பத்து முறை மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், 2004ல் சபாநாயகரானவர். 2008 ஜூலையில், அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து, மன்மோகன் சிங் அரசுக்கு அளித்துவந்த ஆதரவை அவர் கட்சி விலக்கிக்கொண்டது. ஆதரவை விலக்கும் உறுப்பினர் பட்டியலில் சபாநாயகரின் பெயரும் சேர்க்கப்பட்டிருந்தது. அவர் பதவி விலகி அரசுக்கு எதிராக வாக்களிக்க வேண்டும் என்று கட்சி எதிர்பார்த்தது. சபாநாயகர் எந்தக் கட்சியின் உத்தரவுக்கும் கட்டுப்பட்டவர் அல்லர் என்று அவர் மறுத்தார்.

ஜூலை 22ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. அன்றுதான் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சிலர், வாக்களிக்காமல் இருக்கத் தங்களுக்குக் கொடுக்கப்பட்ட லஞ்சம் என்று சொல்லி, நோட்டுக் கட்டுகளை அவையிலேயே எடுத்துக் காட்டினார்கள். அந்த அமளிக்கு நடுவே சாட்டர்ஜி அவையை நடத்தி முடித்தார். அரசு 275க்கு 256 என்று வென்றது. மறுநாள் கட்சி அவரை நீக்கியது. நாற்பதாண்டுத் தொடர்பு ஒரே நாளில் அறுந்தது.

ராஜாஜி பதவியைத் திருப்பிக் கொடுத்தார். சாட்டர்ஜி பதவியில் தொடர்ந்தார். அப்படியானால் நம் உரைகல்லில் இவர் தேறுவாரா? இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, சட்டமன்ற இடம் கட்சிச் சின்னத்தால் கிடைப்பது. சபாநாயகர் பதவி அவை முழுவதும் சேர்ந்து கொடுப்பது. அதைத் திருப்பிக் கேட்கும் உரிமை அவைக்குத்தான் உண்டு என்பது அவர் வாதம். இரண்டு, அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பது. ஆளுங்கட்சியில் சேரவில்லை, 2009 தேர்தலில் நிற்கவுமில்லை, அரசியலை விட்டே ஒதுங்கினார். 2018ல் காலமானார். சஞ்சீவ ரெட்டி செய்தது போல 2004லேயே கட்சி உறுப்பினர் பதவியை விட்டிருந்தால் இந்தச் சங்கடமே வந்திருக்காது என்று வாதிடுவோரும் உண்டு. அதுவும் நியாயமான வாதம்தான். பிள்ளைகள் இதை வைத்து ஒரு பட்டிமன்றமே நடத்தலாம்.

6. சட்டம் என்ன சொல்கிறது?

1967ல் ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. பதினைந்து நாட்களுக்குள் மூன்று முறை கட்சி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்' என்ற கேலிப் பேச்சு அதிலிருந்துதான் பிறந்தது. கட்சித் தாவல் பெருகிப் பல மாநிலங்களில் ஆட்சிகள் கவிழ்ந்தன. 1985ல் அரசியல் சட்டத்தின் 52ஆவது திருத்தம் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. கட்சியைத் தானாக விட்டாலோ, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ உறுப்பினர் பதவி போகும். சபாநாயகராகத் தேர்வாகிக் கட்சியை விட்டு விலகுகிறவருக்கு விலக்கு உண்டு. மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால் குற்றமில்லை என்று முதலில் இருந்தது. 2003ல் 91ஆவது திருத்தம் அதை நீக்கியது. மூன்றில் இரண்டு பங்கு பேர் வேறு கட்சியுடன் இணைவதற்கு மட்டும் இன்னும் இடமிருக்கிறது.

தண்டவாளக்காரன் பார்வையில் இந்தச் சட்டத்தில் ஒரு குறை தெரிகிறது. தனியொருவர் சிவப்புக் கொடி காட்டினால் அவர் பதவி போகிறது. கூட்டமாகச் சேர்ந்து வேறு வண்டிக்கு மாறினால் ஒன்றும் ஆவதில்லை. அதிலும் ஆட்சியைக் காக்கும் வாக்கு, பட்ஜெட் வாக்கு என்று மட்டும் வைக்காமல், எல்லா வாக்குக்கும் கொறடா உத்தரவு போடலாம் என்று இருப்பதால், உண்மையாகவே கருத்து வேறுபடுகிறவரும் வாய் திறக்கத் தயங்குகிறார்.

நம் கர்நாடகத்தில் 2019 ஜூலையில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆளும் கூட்டணியைச் சேர்ந்த எம்.எல்.ஏ.க்கள் பலர் அடுத்தடுத்து ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். ஜூலை 23ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பில் குமாரசாமி அரசு 99க்கு 105 என்று தோற்றது. சபாநாயகர் ரமேஷ் குமார் 17 பேரைத் தகுதி நீக்கம் செய்தார். நவம்பர் 13ஆம் தேதி உச்ச நீதிமன்றம், தகுதி நீக்கம் செல்லும், ஆனால் அவர்கள் இடைத்தேர்தலில் போட்டியிடலாம் என்று தீர்ப்பளித்தது. டிசம்பரில் 15 தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் நடந்தது. தகுதி நீக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் எதிர்த்தரப்புக் கட்சியின் சின்னத்தில் நின்றார்கள். அவர்களில் பலர் வென்றார்கள். வென்றவர்களில் பலர் 2020 பிப்ரவரியில் அமைச்சர்கள் ஆனார்கள். மக்கள் மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். ஒவ்வொருவர் மனத்துக்குள்ளும் புகுந்து பார்க்க நம்மால் முடியாது. நடந்தவற்றை உரைகல்லில் தேய்த்துப் பார்க்கத்தான் முடியும்.

7. உரைகல்

இதுவரை பார்த்தவற்றிலிருந்து நான்கு கேள்விகள் கிடைக்கின்றன. எந்தக் கட்சித் தலைவராக இருந்தாலும் இவற்றைக் கேட்கலாம்.

முதல் கேள்வி: இவர் எதை இழந்தார்? ராஜாஜி கட்சியையும் நற்பெயரையும் இழந்தார். கிரி அமைச்சர் பதவியை இழந்தார்.

இரண்டாவது: கட்சி கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தாரா? சின்னத்தால் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே சின்னத்தை எதிர்ப்பது எளிது.

மூன்றாவது: காரணத்தை வெளிப்படையாகச் சொன்னாரா, அதுவும் முன்கூட்டியே சொன்னாரா? அலகாபாத்தில் 120 பேருக்கு எதிரில் நின்று பேசுவதும், ஏதோ ஒரு ரிசார்ட்டிலிருந்து கடிதம் அனுப்புவதும் ஒன்றாகா.

நான்காவது: ஓராண்டு கழித்து இவர் எங்கே இருந்தார்? வண்டியை நிறுத்திய கீமேன் பழுது பார்க்கும் இடத்தில்தான் நிற்பார். அடுத்த தடத்தில் வந்த வண்டியில் முதல் வகுப்பில் ஏறிப் போயிருந்தால், அவர் காட்டிய கொடியைப் பற்றி நமக்குச் சந்தேகம் வருவது இயற்கை.

நான்கிலும் தேறுகிறவர்கள் குறைவு. ஒன்றிரண்டில் தேறுகிறவர்கள் அநேகர். ஆகவே அரசியல்வாதிகள் எல்லாரும் ஒரே குட்டையில் ஊறியவர்கள் அல்லர். ஊறிய அளவில் வித்தியாசம் இருக்கிறது. அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்து வாக்களிப்பதுதான் நம் வேலை.

8. நமக்கு இதில் என்ன?

வேற்று மாநிலத்தில் குடியேறி வாழும் குடும்பங்களுக்கு இது வெறும் வரலாற்றுப் பாடம் இல்லை. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி இந்த ஊரில் கலவரம் நடந்தது. அந்த நாட்களை இங்கே வாழ்ந்த பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட வேளையில் எந்தக் கட்சியும் தன் மக்களின் கோபத்தோடு சேர்ந்து போகவே விரும்பும். சிறுபான்மையாக வாழ்கிறவர்களைக் காப்பாற்றுவது, தன் கூட்டத்தைப் பார்த்தே "இது நியாயமில்லை" என்று சொல்லத் துணிந்த ஆள்தான். அப்போது எங்கள் தெருமுனையில் வந்து நின்ற இளைஞர்களைத் திருப்பி அனுப்பியவர் அடுத்த வீட்டுக் கன்னடப் பெரியவர். அவர் அரசியல்வாதி அல்லர். ஆனால் அவர் செய்தது நாம் இத்தனை நேரம் படித்த அதே காரியம்தான்.

அப்படியானால் நாமும் நம் பக்கம் தவறு நேரும்போது அப்படிச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். குடியிருப்போர் சங்கத்தில் நம் மொழிக்காரர் கணக்குக் காட்டாமல் இருந்தால், தொழிற்சங்கத்தில் நம் அணி பொய் சொன்னால், நம் தமிழ்ச் சங்கத்திலேயே நமக்கு வேண்டியவர் விதியை மீறினால், எழுந்து கேட்க வேண்டியவர்கள் நாம்தான். திருக்குறளில் நடுவு நிலைமைக்கு ஓர் அதிகாரமே இருக்கிறது. நம் பிள்ளைகள் அதை மனப்பாடமாக ஒப்பித்துப் பரிசும் வாங்குகிறார்கள். பொதுக்குழுவில் அப்பா எழுந்து, தன் நண்பரிடமே மரியாதையாக ஒரு கேள்வி கேட்பதையும் அவர்கள் பார்த்தால், ஒப்பித்ததன் பொருள் இன்னும் நன்றாக விளங்கும்.

வீட்டில் சேர்ந்து சிந்திக்கச் சில வினாக்கள்:

அ) ராஜாஜி சட்டமன்ற இடத்தை ராஜினாமா செய்யாமல் இருந்திருந்தால், அவர் கருத்தின் மதிப்பு குறைந்திருக்குமா?

ஆ) சோம்நாத் சாட்டர்ஜி சபாநாயகர் பதவியில் தொடர்ந்தது சரியா? இரு பக்கமும் வாதிடுக.

இ) எந்தெந்த வாக்கெடுப்புகளில் மட்டும் கொறடா உத்தரவு இருக்கலாம் என்று நீங்கள் ஒரு விதி எழுதுவதானால், எப்படி எழுதுவீர்கள்?

ஈ) உங்கள் தொகுதியின் இன்றைய சட்டமன்ற உறுப்பினர் இதுவரை எந்தெந்தக் கட்சிகளில் இருந்தார்? மாறியிருந்தால், மாறியபோது என்ன காரணம் சொன்னார்? மாறிய பின் என்ன பதவி பெற்றார்? விசாரித்து எழுதி வைத்து, நான்கு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். அடுத்த தேர்தலில் வாக்குச்சாவடிக்குப் போகுமுன் அந்தத் தாளை ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.